முட்டையாகிப்போன வட்டம்

பேரங்காடியில் கோலம் போட்டு மிஞ்சிய சாய அரிசியை இன்று காலை டப்பாவில் கொட்டி மூடினேன். ஈரமும் சாயமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். சிநேகிதி, நீ கண்ணை மூடிய பிறகு வந்த முதல் தீபாவளி இது. உனக்குச் சொல்ல ஒரு சங்கதி இருக்கிறது.

கிள்ளானில் அந்தப் பேரங்காடிக்கு வருஷா வருஷம் நாம்தானே அரிசிக் கோலம் போடுவோம். நீ சாக்குக்கட்டியால் தரையில் வரைவாய், நான் சாயம் போட்ட அரிசியைக் கோட்டுக்குள் நிரப்புவேன். நூல் கட்டி வட்டம் போடலாமே என்று ஒருமுறை சொன்னதற்கு, "நூல் எதுக்குடி, கை இருக்கே. வட்டம் சரியா வந்தா மிச்சமெல்லாம் தானா வரும்" என்றாய். கொழுப்புதான் உனக்கு. ஆனால் வட்டம் அப்படியே வந்து நிற்கும்.

இந்த வருஷம் அங்கே புது அதிகாரி. படத்தைக் கணினியில் வரைந்து அனுப்பினால் நிறங்களை மாற்றிப் பார்க்க வசதியாக இருக்கும் என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். வாய்க்கு என்ன, சொல்லிவிடும். போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், நான் பயந்தது கணினிக்கு இல்லை. கோலம் உன்னுடையது, நான் வெறும் அரிசி தூவுகிறவள் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான் பயந்தேன்.

திரையோடு சேர்ந்த வரைபலகை ஒன்றை வாங்கித் தருகிறேன் என்றாள் மகள். அந்த விலைக்கு வீட்டுக்கு ஒரு நல்ல குளிர்பெட்டி வரும். எனக்கு வரையவே வராமல் போனால் அதை என்ன செய்வது, சோற்றுப்பானைக்கு மூடியாகவா வைப்பது? வேண்டவே வேண்டாம் என்று கொமியூட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனேன். மாடியில் ஒரு கணினிக் கடை. தாடி வைத்த கடைக்காரர் பொறுமைசாலி, எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு வரைந்து பார்க்கச் சொன்னார். திரை உள்ளதில் பேனா வைத்த இடத்திலேயே கோடு விழுகிறது, ஆசையாகத்தான் இருந்தது. திரை இல்லாதது வெறும் கறுப்புப் பலகை. கை இங்கே ஓடும், கோடு மடிக்கணினியில் தெரியும். அந்தப் பேனாவுக்கு மின்னேற்றமும் வேண்டாமாம்.

எதற்கு என்று கேட்டார். கோலத்துக்கு என்றேன்.

"கோலத்துக்குன்னா திரை வேணாம் ஆன்டி, இதே போதும் லா. ஆனா ரொம்பச் சின்னது எடுக்காதீங்க, நீளமா கோடு இழுக்க வராது. நடு சைஸ் எடுங்க."

மலிவாகவும் இருந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பழைய மடிக்கணினியில் மாட்டி முதல் வட்டம் போட்டேன். முட்டையாக வந்தது. அழித்துவிட்டு மெதுவாகப் போட்டேன். மறுபடியும் முட்டை. மத்தியானம் முழுக்க முட்டையாகவே போட்டுக்கொண்டிருந்தேன். நீ சொன்னபடி வட்டமே வரவில்லை என்றால் மிச்சம் எங்கிருந்து வரும்? இது என் கை, உன் கை இல்லை, இதற்கு மேல் இழுத்தாலும் வராது என்று முடிவு கட்டிவிட்டேன். அதிகாரியிடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது, பலகையைத் திருப்பிக் கொடுப்பது என்று நினைத்துக் கடைக்காரரை அழைத்தேன். அவர் படத்தை அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தார்.

"உங்க கையில ஒரு கோளாறும் இல்ல ஆன்டி. பலகையோட நீள அகலம் வேற, உங்க ஸ்கிரீனோட நீள அகலம் வேற. அதான் வட்டத்தை இழுத்துவிடுது. செட்டிங்ல ஒரு டிக் போடணும், நான் சொல்றேன், போடுங்க."

அவர் சொல்லச் சொல்லத் தேடிப் போட்டேன். அப்புறம் வட்டம் போட்டேன். வட்டமாகவே வந்தது. அப்பாடா! தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன், அடுப்பில் சோறு அடிபிடித்தது.

உனக்கு எப்போதும் மயில்தான். எனக்கு மயில் கழுத்து சுட்டுப் போட்டாலும் வராது. நான் குத்துவிளக்கைச் சுற்றி ரம்புத்தான் கொத்துகள் வரைந்தேன், சிவப்பும் மஞ்சளுமாக. "தீபாவளிக்குப் பழக்கடையாடி?" என்று கேட்டிருப்பாய், தெரியும். அதிகாரிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நிறத்தைக்கூட மாற்றச் சொல்லவில்லை.

நேற்று அதைப் பேரங்காடித் தரையில் சாக்குக்கட்டியால் நானே வரைந்து, அரிசி நிரப்பி முடித்து முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். கையில் பையோடு வந்த ஒரு அம்மா நின்று பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கும்மா. யாரு வரைஞ்சது?"

வழக்கம்போல உன்னைக் காட்டத் திரும்பினேன். அங்கே அரிசி மூட்டைதான் இருந்தது.

"நான்தான் வரைஞ்சேன்" என்றேன்.

அவர் போன பிறகு தரையிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். துக்கத்தில் இல்லை. உன்னை வழியனுப்பிய அன்றே கோலத்தையும் உன்னோடு அனுப்பிவிட்டேன் என்று இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையடி, அது என்னிடம்தான் இருக்கிறது.