சுமதி எழுதிய உன் கடைசி அத்தியாயம்

ஆசைப் பர்வீன்,

நம் பள்ளிக்கூட நாட்களை வைத்து நீ எழுதிய நாவல் வந்துவிட்டது. துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிற மண்டபத்தில் போன ஞாயிறு வெளியீட்டு விழா. பேசியவர்களில் அட்டையைத் தாண்டிப் போனவர் ஒருவரும் இல்லை. முதற் பிரதி வாங்கிய கடை முதலாளி அதைக் கதிரைக்கு அடியில் வைத்துவிட்டு ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தார்.

வாய் திறந்தவர்கள் எல்லாம் நல்லிணக்கம் என்றார்கள். கிண்ணியா முஸ்லிம் பிள்ளையும் சல்லிக் கிராமத்துத் தமிழ்ப் பிள்ளையும் சிநேகிதிகளாம், நாட்டுக்கே பாடமாம். நாம் நாட்டுக்காகவா சேர்ந்தோம்? பஸ் பிந்தியதால் உன்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். கருவாடு போடுகிற வீட்டுப் பிள்ளை, நாறுகிறாள் என்று நான் இருந்த வாங்கை வெளியே இழுத்து விட்டவள் வகுப்புத் தலைவி சுமதி. வெளியே வேறு ஆள் இல்லை, அதனால் கதைத்தோம்.

அந்தச் சுமதிதான் இப்போது இலக்கிய வட்டச் செயலாளர். நீ மௌத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு உன் உம்மா நம்பிக் கொடுத்த கையெழுத்துப் பிரதியை அச்சுக்குக் கொண்டுபோனவளும் அவளே. கொண்டுபோனதோடு விட்டாளா? கடைசியில் ஓர் அத்தியாயம் சேர்த்திருக்கிறாள். அதில் வகுப்புத் தலைவி ஓடிவந்து நம் இருவரையும் கட்டிப்பிடித்து அழுகிறாள். நாமும் அழுகிறோமாம். தனக்கு வேண்டிய மன்னிப்பைத் தானே எழுதி உன் பெயரைப் போட்டுவிட்டாள். இப்படியும் ஒரு முகம் கண்ணாடி பார்க்குமா?

ஆஸ்பத்திரியில் உன் கட்டில் ஓரத்தில் இருந்தபடி அந்தப் பிரதி முழுவதையும் வாசித்தவள் நான். மேடைக்குப் பக்கத்தில் வைத்து அவளிடமே கேட்டேன்.

"சும்மா இரும் ரதி," என்றாள் சுமதி. "சனத்துக்கு நல்ல முடிவுதான் பிடிக்கும். அவ இருந்திருந்தா ஓம் எண்டிருப்பா."

பிறகு என்னையே மேடைக்குக் கூப்பிட்டார்கள், நல்லிணக்கப் படம் எடுக்க. மைக்கைப் பிடித்தேன். "கடைசி அத்தியாயம் பர்வீன் எழுதினதில்லை," என்றேன். சுமதி பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். மைக் நின்றுபோனது.

முன்வரிசையில் இருந்து உம்மா எழும்பினா. "அப்ப என்ட புள்ள எப்பிடி முடிச்சாள்?"

"வகுப்புத் தலைவி கூப்பிடக் கூப்பிட ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போறம் உம்மா. ஒருக்காவும் திரும்பிப் பார்க்கேல்ல."

"அதுதான் என்ட புள்ள," என்றா உம்மா. அதற்குப் பிறகு அங்கே ஒரு நிமிடமும் இருக்கவில்லை. கிண்ணியா வரை என் கையை விடவும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, பர்வீன். நீ இருந்து பார்த்திருக்க வேண்டும்.

நாளைக்கு உம்மாவும் நானும் அச்சகத்துக்குப் போகிறோம். மிச்சப் பிரதிகளை விற்க உம்மா விடமாட்டாவாம். நீ முடித்த இடத்தில் முடிகிற புத்தகம் வரும். உன் பெயரில் ஒருவரையும் மன்னிக்க நான் விடமாட்டேன். இது சத்தியம்.

உன் உம்மாவின் மற்ற மகள்,
சல்லி ரதி