சிவப்பு இழை கட்டிய தோசைக்கல்

நேற்று சாயந்திரம் நம் சமையலறையில் மயிர் கருகும் வாடை வந்தது. கூடத்துக் கட்டிலிலிருந்து அத்தை கத்தினார்: "இன்னாடி அது, யாரு தலை எரியுது? அடுப்பாண்ட முடிய விரிச்சிகினு நிக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது?" விரிப்பதற்கு எனக்கு என்ன இருக்கிறது? உன் காலத்திலேயே எலிவால். இப்போது அந்த எலிக்கும் வயதாகிவிட்டது.

கருகியது தலை அல்ல, பட்டு. இந்த வீட்டில் வாழ்ந்தவளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. புடவை வாங்க வந்தவர் சந்தேகப்பட்டால் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுவோம். மயிர் கருகும் வாடை வந்தால் அசல். நேற்றுக் கருகியது, உன் தோசைக்கல்லின் காதில் நீ கட்டி வைத்த அரக்குச் சிவப்பு இழை. ஏன் கருகியது என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். "அக்கா ஒரு விஷயத்த சொல்ல ஆரம்பிச்சா ஆரணி பஸ்ஸு வேலூர் சுத்திகினு சேவூர் போற மாதிரி" என்று நீதானே சொன்னாய். அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டாமா?

நீ இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தபோது, சண்டை போட ஓர் ஓரகத்தி கிடைத்தாள் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன். தேவிகாபுரத்திலிருந்து குச்சி போல ஒருத்தி வந்து இறங்கினாள். குரலை உயர்த்தினாலே விழுந்துவிடுவாள் போல இருந்தாள். இவளோடு என்ன சண்டை போடுவது என்று என் உற்சாகமே போய்விட்டது. ஆனால் தறிப் பக்கம் நீ கைகாரி. தீர்ந்துபோன பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துச் சேர்க்கும் வேலையில், நீ போட்ட பிணைப்பு விட்டுப்போய் நான் பார்த்ததில்லை. பாதி வேலையில்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடுவாய். அத்தை பின்னாலேயே குரல் கொடுப்பார்: "தறிய கண்டா வயிறு, தட்ட கண்டா தலவலி. நல்லா வந்து வாச்சது!"

அரிசி லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ஊர் இது. மில் தவிடு படாத திரைச்சீலை ஒரு வீட்டில்கூடக் கிடையாது. இந்த ஊரில் உடம்புக்கு முடியாதவருக்கு மட்டும் அரிசி ஆகாது என்று யார் சொல்லி வைத்தார்களோ! உனக்கு வயிற்றுப்போக்கு வந்தால் பிரெட். கொஞ்சம் தேறினால் ரஸ்க். ராத்திரிக்கு ரவைக் கஞ்சி. பார்க்க வருகிறவர்கள் கையிலும் பன், பார்லி, சேமியா பாக்கெட். எல்லாம் லேசான ஆகாரம். ஆகாரம் லேசாக லேசாக நீயும் லேசாகிக்கொண்டே வந்தாய். ஒரு நாள் பக்கத்து அரிசி மண்டியின் எடைமேடையில் விளையாட்டாக உன்னை ஏற்றினேன். மண்டிக்காரர் முள்ளைப் பார்த்துவிட்டு, "அரை மூட்டைக்கு மேல தேறலியேம்மா" என்றார். நான் வந்து வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னேன். அத்தை சிரிக்கவில்லை. "அரை மூட்டைல எங்கேர்ந்துடி புள்ள பொறக்கும்?" என்றார். அப்புறம் மாமனாரிடம் சின்னக் குரலில், உன்னைத் தேவிகாபுரத்துக்கே அனுப்பிவிட்டு வேறு பெண் பார்க்கலாம் என்றார். சின்னக் குரல் என்றால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும் குரல். நீ தறிக்குழியில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய். இழை ஒன்றுகூடத் தப்பவில்லை.

வேலூர்ப் பெரிய டாக்டர் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு நம் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். "கோதுமை மாவைப் பிசைஞ்சா இழுபடுது பாருங்க, அந்தப் பசைக்குப் பேரு குளூட்டன். அது இவங்க குடலை அரிச்சிருக்கு. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி, எதுவும் கூடாது. ஆயுசுக்கும்." பஸ்ஸில் கண்ணமங்கலம் வரைக்கும் நீ அழுதாய். அதற்கப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத்தான் பரோட்டா பிடிக்கலன்னு நெனச்சிகினு இருந்தேன்க்கா. பரோட்டாவுக்குத்தான் என்ன பிடிக்கல" என்றாய். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நாம் சிரித்தோம். எனக்குச் சண்டை போட ஆள் கிடைக்கவில்லை, சேர்ந்து சிரிக்க ஆள் கிடைத்தாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு டாக்டர் பேச்சு காத்திருந்தது. மாமனாருக்குச் சர்க்கரை. ராத்திரி சப்பாத்தி என்பது அவருக்கு மருந்துச் சீட்டு, மற்றவர்களுக்கு நாகரிகம். எல்லோரும் கூடத்தில் சப்பாத்தி பிட்டுக்கொண்டிருக்க, நீ சமையலறை மூலையில் மோர்ச்சோற்றோடு உட்கார்ந்தாய். இரண்டு ராத்திரி பார்த்தேன். மூன்றாம் நாள், இனி இந்த வீட்டில் ராத்திரிக்குக் கோதுமையே கிடையாது என்று அறிவித்துவிட்டேன். அறிவிப்பதற்கு முன் எனக்குச் சமைக்கத் தெரியுமா என்று யோசித்திருக்க வேண்டும்.

முதல் நாள் கேழ்வரகு அடை. மாமனார் ஒரு துண்டைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது, தறிக்குப் பாரம் கட்டறதா, திங்கறதா?" என்றார். நீதான் சொல்லிக் கொடுத்தாய்: வெந்நீர் விட்டுப் பிசை, முருங்கைக்கீரையைத் தாராளமாகப் போடு, ஈரத்துணியில் மெலிசாகத் தட்டு. கஷ்டமான சமையல் எனக்கு வராது என்பது ஊருக்கே தெரியும் என்பதால் எல்லாவற்றையும் எளிதாக்கினாய். மத்தியானமே அரிசியும் பருப்பும் மிளகாயும் ஊறப்போட்டால் ராத்திரிக்கு அடை. அரிசி நொய்யை வறுத்து வைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் உப்புமா. சோளமாவில் மீந்த இட்லி மாவு ஒரு கரண்டி விட்டால் தோசை. நேரமே இல்லையா, கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும். "எனக்காகன்னு செய்யாதீங்கக்கா. அவங்களுக்கும் ருசிச்சாத்தான் இது நிக்கும்" என்பாய்.

தறியில் மிஞ்சிய சிவப்பு இழையைக் கொண்டுவந்து, கோதுமை படக்கூடாத சாமான் ஒவ்வொன்றிலும் கட்டினாய். சல்லடை, தோசைத் திருப்பி, மாவு டப்பா, தோசைக்கல். பிள்ளை வரம் கேட்டு மரத்தில் கட்டியது போல இருந்தது அடுக்களை. கோதுமையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அந்தச் சாமான்களைத் தொட்டால், இந்த வீட்டில் யாரிடமும் வராத கோபம் உனக்கு என்மேல் வரும். நான் காலையில் எல்லோருக்கும் முன்னால் மாவு மில்லுக்குப் போய் நின்று, மிஷினில் முதலில் நம் கேழ்வரகு என்று சண்டை போடுவேன். மில்காரர் நெற்றியில் அடித்துக்கொள்வார். "கோதுமை இன்னா தீட்டாம்மா? தினம் இதே பேஜாரு!" நான் விடமாட்டேன். உன்னோடு போட முடியாத சண்டைகளையெல்லாம் அந்த மனுஷரோடு போட்டுத் தீர்த்தேன்.

இத்தனைக்குப் பிறகும் உன் வயிறு அடங்கவில்லை. தேவிகாபுரம் போனால் நன்றாக இருப்பாய், இங்கே வந்தால் மறுபடியும் கொல்லைக்கு ஓடுவாய். அத்தைக்கு அது போதாதா? "அம்மா வூட்ல ஆறுது, மாமியா வூட்ல புட்டுக்குதா? திருட்டுத்தனமா பரோட்டா துன்றாடி இவ!" உண்மையில் பஸ் ஸ்டாண்டு கடையில் திருட்டுத்தனமாகப் பரோட்டா தின்றவர் ஒருவர் இருந்தார். மாமனாரின் வேட்டியில் சால்னா மணந்ததை நீயும் நானும் மட்டும் கண்டுபிடித்து, வாயைப் பொத்திச் சிரித்தோம். ஆனால் உன்மேல் விழுந்த பேச்சு விழுந்ததுதான். திருப்பி அனுப்பும் பேச்சு மறுபடி கிளம்பியது. தரகர் ஒருவர் வாசல் வரைக்கும் வந்துவிட்டுப் போனார்.

ஒரு நாள் ஊரிலிருந்து வந்த கையோடு என் அஞ்சறைப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாய். "அக்கா, எங்க அம்மா பெருங்காயமே வாங்கறதில்ல." வயிறு சரியில்லாதவள் என்று உன் ரசத்தில் மட்டும் நான் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்தேன்! டப்பாவைத் திருப்பிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எறும்பு எழுத்தை எழுத்துக்கூட்டினேன். கோதுமை மாவு. பெருங்காயத்தைவிட அதுதான் அதிகமாம். நீ வயிறு வலிக்கச் சிரித்தாய். "மூத்த ஓரகத்தியால ஆபத்துன்னு என் ஜாதகத்துலயே எழுதியிருந்துதுக்கா. எங்க அப்பாதான் கவனிக்கல."

அதற்குப் பிறகு வந்த காலத்தைத்தான் நான் இப்போது எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். கன்னத்தில் சதை வந்தது. ரவிக்கை பிரிக்க வேண்டியிருந்தது. மண்டிக்காரர், "முக்கால் மூட்டை ஆயிட்டாம்மா, இன்னும் கொஞ்சம் கொட்டுங்க" என்றார். அத்தையே ஒரு நாள் உனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். தரகர் வரவில்லை. மாமனார் அடையை இரண்டாவது முறை கேட்டுச் சாப்பிட்டுவிட்டு, வழக்கத்தை விடாமல் முனகினார். "இந்த வூட்ல ஒரு சப்பாத்திக்கு வழி கெடையாது." நீ பரிமாறிக்கொண்டே, "நான் போனதும் நல்லா சாப்டுங்க மாமா. அக்கா பூப்போல போட்டுத் தருவாங்க" என்றாய். எல்லோரும் சிரித்தோம். அவரும்தான்.

மறுபடி வலி வந்தபோது நான் பயப்படவே இல்லை. எங்கோ கோதுமை ஒளிந்திருக்கிறது, கண்டுபிடித்துவிட்டால் தீர்ந்தது என்று அடுக்களையைத் தலைகீழாக்கினேன். மிளகாய்த்தூளைக் கொட்டினேன். புளியை மாற்றினேன். அம்மியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மில்காரரோடு ஊரே கூடும்படி சண்டை போட்டேன். வாரக்கணக்கில் தேடினேன். நீ சுவரோரம் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். "விடுங்கக்கா, அது டப்பால இல்ல" என்றாய். உனக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷம் அரிபட்ட குடலில் கட்டி. வேலூர் டாக்டர் இந்த முறை எதைச் சாப்பிடக்கூடாது என்று சொல்லவில்லை. எதை வேண்டுமானாலும் கொடுங்கள் என்றார். அந்த வார்த்தையைப்போல ஒரு கெட்ட வார்த்தையை நான் கேட்டதில்லை.

நீ கடைசியாகக் கேட்டதும் நொய் உப்புமாதான். இரண்டு வாய். அதில் நான் பெருங்காயம் போடவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் ராத்திரி அத்தை என்னைப் பார்க்காமல், "அந்த மனுஷனுக்கு நாலு சப்பாத்தி போடுடி" என்றார். போட்டேன். மாவு கையில் இழுபட்டது. எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம், மூலையில் யாரும் இல்லாமல். "பஞ்சு மாதிரி கீதும்மா" என்றார் மாமனார். நானும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்காரருக்குச் செய்யாறில் பெண் பார்க்கப் போனோம். நீ போய் இரண்டு தை முடிந்துவிட்டது. அவரைக் கோபித்துக்கொள்ளாதே. பஸ்ஸில் ஏற்றிய மூட்டைபோல வந்து உட்கார்ந்திருந்தார். அத்தை தரகரிடம் முதலில் கேட்ட கேள்வி ஜாதகம் இல்லை. "பொண்ணு சப்பாத்தி சாப்புடுமா?" அங்கே கேசரித் தட்டோடு அந்தப் பெண் வந்தாள். கம்பெனி பஸ் பிடித்து ஷிப்ட் வேலைக்குப் போகிற, நல்ல உடம்புள்ள பெண். "நீயும் உக்காரும்மா. எங்க எதிர்ல ஒரு தட்டு சாப்டு" என்றார் அத்தை. அவர்கள் அதைப் பாசம் என்று நினைத்தார்கள். வெளிச்சத்தில் புடவையைப் பிரித்துப் பார்ப்பது போல, அவள் விழுங்குகிற ஒவ்வொரு வாயையும் அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். என் கைக்குத் தட்டு வந்தபோது, வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டேன். "இதுல கோதுமை இருக்குதுங்களா?" "ரவைங்க" என்றார் பெண்ணின் அம்மா. தட்டைக் கீழே வைத்தேன். எனக்குச் சர்க்கரை என்று நினைத்து அவர் பரிதாபப்பட்டார். மறுநாள் அத்தை போன் போட்டு விசாரித்தார். "ராத்திரி வயித்துக்கு ஒன்னும் பண்ணலியே?" ஒன்றும் பண்ணவில்லையாம். பூ வைக்க நாள் குறித்துவிட்டார்கள்.

"புதுசா வர்ற பொண்ணு இந்த நூலெல்லாம் இன்னான்னு கேட்டா நான் இன்னாடி சொல்றது? அவுத்துப் போடு" என்றார் அத்தை. சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சல்லடையில், டப்பாவில், திருப்பியில் இருந்ததையெல்லாம் கத்தரித்துவிட்டேன். தோசைக்கல்லில் இருந்தது மட்டும் வரவில்லை. எண்ணெய் ஏறி இறுகிப்போன முடிச்சு. கத்தரிக்கோல் நுனிகூட உள்ளே போகவில்லை. உன் பிணைப்பு அல்லவா? அதனால் நேற்று அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினேன். மயிர் வாடை வந்தது. அசல்தான். நெருப்பை விட்டு எடுத்ததும் தானே அணைந்துவிட்டது. பட்டு தானாக எரிந்து தீராது. எரிப்பவள்தான் மறுபடியும் காட்ட வேண்டும்.

மறுபடியும் காட்டினேன்.

இன்று அந்தக் கல்லில்தான் சப்பாத்தி. மாவு பிசைந்து முடித்ததும் வழக்கம்போலக் குழாயடிக்குப் போய் நகக்கண் வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அத்தை கட்டிலிலிருந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாருக்குடி கழுவற?"

இன்னொரு முறை கழுவிக்கொண்டேன்.