முதலில் கை, பிறகு கதை

இதில் எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதப்போகிறேன். என் தமிழ்க் கட்டுரைகளை வாசித்துவிட்டு, "இந்த வரி பொய், இந்த வரி ரீச்சருக்காக" என்று பென்சிலால் வெட்டியவள் நீ. உனக்கு எழுதும்போது பூசி மெழுக முடியாது.

என் கைகளில் சிவப்புச் சவர்க்காரத்தின் மணம். உன் வீட்டுப் படலையடியில் முக்காலியில் இருக்குமே, அதே சவர்க்காரம். பக்கத்தில் அதே நீல வாளி. இன்று உன் முப்பத்தோராம் நாள் நினைவு. மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் இங்கே வந்து சாப்பிட்டார்கள். நான் உன் அறையில், உன் கதிரையில் இருந்து எழுதுகிறேன். யன்னலால் படலை தெரிகிறது. ஒவ்வொருவராக வெளியே போகிறார்கள். போகும்போது மறக்காமல் கை கழுவுகிறார்கள். விரலிடுக்கு, மணிக்கட்டு எல்லாம் தேய்த்து, மிகக் கவனமாக. நீ பார்த்தால் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாளி உள்ளே வருகிறவர்களுக்காக வைக்கப்பட்டது. இரண்டு வருடமாக அதை ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. உன்னுடையது தொற்றும் நோயே அல்ல. கிருமிகளோடு சண்டை பிடிக்கிற பிறபொருளெதிரியை உன் உடம்பு போதுமான அளவு செய்யவில்லை, அவ்வளவுதான். எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் அது இருக்கிறது. வகுப்பில் எல்லாரும் அந்தப் பக்கத்தைப் பாடமாக்கிப் புள்ளி எடுத்தார்கள். எடுத்த கையோடு உன் கதிரையைச் சுவரோரம் தள்ளி வைத்தார்கள். உன்னிடமிருந்து வந்துவிடுமாம்.

"என்னட்டக் குடுக்க ஒண்டுமில்லையடி. அவையளிட்ட வாங்கத்தான் எனக்குப் பயம்" என்றாய்.

மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் உனக்கு அந்த மருந்தை ஏற்றுவார்கள். யார் யாரோ கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிறபொருளெதிரி, சொட்டுச் சொட்டாக இறங்கும். அரை நாள் எடுக்கும். நான் பக்கத்தில் இருந்து கதைப்புத்தகம் வாசிப்பேன். கந்தளாயிலிருந்து பஸ்ஸில் வரும் மிஸ் அடிக்கடி வந்து உன் சூட்டையும் நாடியையும் பார்ப்பார், மருந்து இறங்கும் வேகத்தைத் திருத்துவார், ஊசி ஏறிய இடம் சிவந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். தாதி என்று எழுதியிருக்க வேண்டும், ஆனால் நாங்கள் ஒருநாளும் அவரை அப்படிச் சொன்னதில்லை. அதிகம் கதைக்க மாட்டார். உன் அம்மாவுக்கு, என் அன்ரிக்கு, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வருகிறவர்கள் வாசலிலேயே சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். தடிமன், இருமல் உள்ளவர்கள் வரக்கூடாது. கொதித்தாறிய தண்ணீர்தான். பூச்சாடி அறைக்குள் வேண்டாம். காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கொண்டுவர வேண்டும். அந்தத் தாளை முன்கதவில் ஒட்டியவள் நான். அதன் அடியில் நீ உன் உருண்டை எழுத்தில் சேர்த்தாய்: முதலில் கை, பிறகு கதை.

எல்லாரும் வாசித்தார்கள். "என்ன வடிவான எழுத்து" என்றார்கள். திராட்சையும் பால்மாப் பேணியுமாக உள்ளே வந்தார்கள். உன்னிடமிருந்து தப்புவதற்காக முகக்கவசம் போட்டிருந்தார்கள், மூக்கு மட்டும் வெளியே இருந்தது. ஒருவர் உன் கட்டில் விளிம்பில் இருந்து, தன் பேரனுக்கு வந்த அம்மாள் வருத்தத்தைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தார். எழுந்து போகும்போது வாளித் தண்ணீரில் முழங்கை வரை கழுவினார். கோயில் பாடகர் குழு ஒரு பெரிய பூச்செண்டு அனுப்பியது. அதை வாசலில் வைத்தோம். கோட்டைப் பக்கத்திலிருந்து ஊருக்குள் வந்து திரிகிற மான்களில் ஒன்று வந்து நாடாவை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைத் தின்றது.

"என்னைப் பாக்க வந்த ஆக்களுக்குள்ள இது ஒண்டுக்குத்தான் நாகரிகம் தெரியுது. வந்துது, சாப்பிட்டுது, உள்ளுக்கு வரக் கேக்காமப் போட்டுது" என்றாய்.

அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனார்.

நீ கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. சாதாரண தரச் சோதனையை எல்லாரையும் போல எழுத வேண்டும். நாலு மாதமாக உனக்குக் காய்ச்சல் வரவில்லை. இப்படியே இருந்தால் தனி அறையில், யன்னலோரமாக இருந்து எழுதலாம் என்று டொக்டர் கடிதம் தந்திருந்தார். கலண்டரில் ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டு வந்தாய். இன்னும் ஆறு கிழமை இருந்தது.

அப்போதுதான் மழை தொடங்கியது. புல்மோட்டையிலிருந்து உன் பெரியம்மா வந்தார், கையில் ஒரு பை நிறையப் பாரைக் கருவாட்டோடு. உன் புத்தகத்தைத் திருப்பித் தர வந்த நான் படலையில் நின்றேன்.

"கையக் கழுவிப்போட்டு வாங்கோ பெரியம்மா."

"போகேக்க கழுவுறன் பிள்ளை" என்றார். சொல்லி முடிக்க முன்னரே இருமினார். நெஞ்சுக்குள் சளி உருளுகிற இருமல்.

"நீங்கள் இருமுறியள். இண்டைக்கு உள்ளுக்குப் போகேலாது. மிஸ் எழுதித் தந்திருக்கிறா."

"அது பஸ்ஸில அடிச்ச தூசி."

கொட்டுகிற மழையில் தூசி. அதையும் எழுதி வைக்கிறேன்.

பிறகு வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார். "தங்கச்சி! ஆரிது? வாசலுக்குக் காவல்காரியும் வைச்சிட்டியோ? என்ர பெறாமகளைப் பாக்க நான் இனி ஆரிட்ட அனுமதித் துண்டு வாங்கோணும்?"

அன்ரி குடையில்லாமல் ஓடி வந்தார். அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கும் அந்த இருமல் கேட்டது, அது எனக்குத் தெரியும்.

"விடு பிள்ளை. அவ்வளவு தூரத்தில இருந்து மழைக்குள்ள வந்திருக்கிறா. வாசலில வைச்சுத் திருப்பி அனுப்பேலாது."

அப்போது இதே யன்னலால் உன் குரல் வந்தது. "விடாதையடி!"

நான் விட்டேன்.

வாளிக்கும் படலைக்கும் நடுவில் நின்றவள் ஓரடி பின்னால் எடுத்து வைத்தேன். பெரியம்மாவுக்குப் பயந்து அல்ல. வளர்ப்புச் சரியில்லாத பிள்ளை என்று சொல்லிவிடுவார்களே என்றுதான். இந்த ஒழுங்கையில் எனக்கு நல்ல பிள்ளை என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்ற ஓரடி போதுமாக இருந்தது. திராட்சை கொண்டுவந்தவர்களைப் பற்றி இவ்வளவு இளக்காரமாக எழுத உனக்கு என்ன வாய் இருக்கிறது என்று நீ கேட்கலாம். கேள். அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியிருந்தது. அதனால் இந்தக் கடிதத்தில் ஆக மோசமான ஆள் நான்தான்.

பெரியம்மா உன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். நீ கண்ணை மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாய். தேத்தண்ணி குடித்து, கருவாட்டை எப்படிப் பொரிப்பது என்று சொல்லி, மழை விட்டதும் வெளிக்கிட்டார். போகும்போது நன்றாகக் கை கழுவினார்.

நாலாம் நாள் பின்னேரம் உனக்குக் காய்ச்சல். அன்ரி ஒரு நிமிடமும் பிந்தவில்லை, அதையும் எழுத வேண்டும். வார்ட்டில் மிஸ்தான் இருந்தார்.

"வீட்டுக்கு ஆரும் வருத்தத்தோட வந்தவையோ?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் வரேல்லை மிஸ்" என்றார் அன்ரி. கூடப் பிறந்தவளைக் காட்டிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நான் நிலத்தைப் பார்த்தேன்.

உன் வாயிலும் மூக்கிலும் ஒட்சிசன் மூடி இருந்தது. நீ கையைத் தூக்கி, ஒரு விரலால் வலது கன்னத்தைத் தொட்டாய். பிறகு இடது கன்னத்தைத் தொட்டாய். மிஸ் உன்னையே பார்த்தார், பிறகு தாளில் எதையோ எழுதினார். நீ சிரித்தாய். மூடிக்குள் உன் மூச்சு வெள்ளையாகப் படர்ந்தது.

பிறகு ஐந்து நாள். மிஸ் உன்னைப் புரட்டிப் படுக்க வைத்தார், முதுகில் தட்டிச் சளியை இளக்கினார், வாயைத் துடைத்து உதட்டுக்கு எண்ணெய் தொட்டு வைத்தார். ஒவ்வொரு முறையும் உன்னைத் தொட முன்னர் ஒருதரம், தொட்ட பின்னர் ஒருதரம் கை கழுவினார். எத்தனை தரம் என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். அவருடைய விரல் மூட்டுகளில் தோல் வெடித்திருந்தது. இந்தக் கதையில் நான் குறை சொல்ல இயலாத கைகள் அந்த இரண்டும்தான்.

"எங்க இருந்து வந்ததெண்டு ஒருத்தருக்கும் சொல்லேலாது பிள்ளை" என்று கடைசி நாள் எனக்குச் சொன்னார். உண்மையாக இருக்கலாம். ஆனால் நீ சொன்ன சொல் எனக்குக் கேட்டது. அதில் சந்தேகமில்லை.

இன்று சாப்பாட்டுப் பந்தியில் பெரியம்மா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார், "ஆண்டவர் குறிச்ச நாள், நாங்கள் என்ன செய்யிறது." ஆண்டவருக்கும் பஸ்ஸில் தூசி அடித்ததா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. படலையடியில் என்னைக் கண்டதும் அழுதுகொண்டு வந்தார். "என்ர பிள்ளையின்ர சிநேகிதி" என்று இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நீட்டினார்.

"முதல்ல கையக் கழுவுங்கோ பெரியம்மா."

"போறன்தானே. கழுவிப்போட்டுத்தானே போவன்."

"போகேக்க இல்லை. என்னைத் தொட முதல்."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "படிச்ச திமிர்" என்றது ஒரு குரல். "தாய் வளர்த்த வளர்ப்பு" என்றது இன்னொன்று. என் அம்மாவும் அங்கேதான் நின்றார். நான் பின்னால் போகவில்லை. பெரியம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சவர்க்காரத்தை எடுத்தார். கழுவினார். என்னைத் தொடாமலே போனார். நானும் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். கை மணப்பது அதனால்தான்.

நாற்பது நாள் பிந்தி நின்றதற்கு எந்த மதிப்பும் இல்லை. அது எனக்குத் தெரியும்.

நாளை மறுநாள் சோதனை. உன் அனுமதி அட்டையும் பள்ளிக்கூடத்துக்கு வந்து கிடக்கிறது. என் நல்ல பெயர் இன்று மத்தியானத்தோடு போய்விட்டது. நீ சொன்ன "விடாதை" என்னிடம் இருக்கிறது. இனி எந்த வாசலில் நின்றாலும் அதோடுதான் நிற்பேன்.

பொழுது பட்டுவிட்டது. கடைசி ஆட்களும் போய்விட்டார்கள். இந்த அறை லைற் முப்பத்தொரு நாளும் இரவு பகலாக எரிந்தது. இன்றோடு அணைப்பதுதான் வழக்கம். அன்ரி முற்றத்தால் வருகிறார். நேரே உள்ளே வராமல் வாளியடிக்குப் போகிறார். சவர்க்காரம் போட்டு, விரலிடுக்கு எல்லாம் தேய்த்து, மெதுவாகக் கழுவுகிறார். உள்ளே நான் மட்டும்தான் இருக்கிறேன். சேலைத் தலைப்பில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு உன் வாசலில் வந்து நிற்கிறார்.

"முடிஞ்சுதோ பிள்ளை?"

"ஓம் அன்ரி."

லைற்றை அணைத்துவிட்டார்.