நெற்றிப்பட்டத்தோடு ஓடிய மாமன் எழுதுவது

திருவண்ணாமலை,
தை பத்தாம் நாள்.

அன்பு மகள் அறிவுமதிக்கு, உன் தாய்மாமனும், போளூர் ரோடு அச்சகத்தின் முப்பதாண்டு எழுத்துச் சக்கரவர்த்தியும், பத்தாயிரம் கல்யாணப் பத்திரிகைகளைப் பெற்றெடுத்தவனுமாகிய வேடியப்பன் எழுதிக்கொண்டது. இங்கே மலை நலம், மலையடியில் உன் அத்தை ஆதிலட்சுமி நலம், நானும் நலம், என் பெருங்குடல் மட்டும் சுமார். அங்கே நியூசிலாந்தில் நீயும் பாலாஜி மாப்பிள்ளையும் குட்டிப்பயல் இனியனும் சௌக்கியமாக இருக்க வேண்டும். ஏழு வருஷமாக ஒரு வரி எழுதாத மாமனுக்கு இன்று என்ன வந்தது என்று நினைப்பாய். உன் அம்மா போனிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடத் துடித்தாள். என் வயிற்றுக் கதையை எழுத இந்த ஜில்லாவில் என்னைவிட்டால் எவனுக்கும் தகுதியில்லை என்று சொல்லி அவள் வாயை அடைத்து வைத்திருக்கிறேன்.

உன் கல்யாணத்தன்று மாமன் பட்டம் கட்ட வேண்டிய நேரத்தில் நான் காணாமல் போனேன், நெற்றிப்பட்டமும் என்னோடு காணாமல் போனது. ஐயர் கூப்பிட, மேளக்காரர் நிறுத்த, நேரம் ஆகிறது என்று ஒன்றுவிட்ட சித்தப்பா பூச்சரத்தை உன் நெற்றியில் சுற்றி ஒப்பேற்றினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வேற்று சாதி மாப்பிள்ளை, மாமனுக்குப் பிடிக்கவில்லை, சபையில் அவமானப்படுத்திவிட்டுப் போய்விட்டான் என்று ஊர் பேசியது. உன் அம்மா அதை நம்பினாள். நீயும் நம்பியிருப்பாய், உன்மேல் தப்பில்லை. உன் அப்பா போன பிறகு சைக்கிள் பாரில் உட்காரவைத்து உன்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன், நல்ல நாளில் இல்லாமல் போனால் வேறு என்னதான் நினைப்பது. ஆனால் பாலாஜியைப் பார்த்த முதல் நாளே, இப்படி ஒரு பையன் கிடைக்க நம் பரம்பரையே ஏழு ஜென்மம் பட்டினி கிடந்திருக்கும் என்று உன் அத்தையிடம் சொன்னவன் நான். நடந்தது இதுதான் அம்மாடி. எனக்குப் பெருங்குடலில் புண். உன் கல்யாணத்துக்கு நாலு வருஷம் முன்பே வந்தது. ரத்தமும் சளியுமாகப் போகும், அவசரம் வந்தால் இரண்டு நிமிஷம்கூடத் தாங்காது. வேலூர் டாக்டர், இது விட்டுப்போகிற வியாதி இல்லை, மாத்திரையோடு ஒழுங்காகக் குடித்தனம் நடத்தப் பழகிக்கொள்ளுங்கள் என்று அன்றே சொல்லிவிட்டார். மேடையில் பட்டத்தைக் கையில் வாங்கிய நொடியில் வயிற்றிலிருந்து உத்தரவு வந்தது. பட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் பார்க்கிறேன், பட்டம் என் கையிலேயே இருக்கிறது. கக்கூஸுக்குள் வந்த பட்டத்தை உன் நெற்றியில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. அதைச் சபையில் சொல்லவும் வாய் வரவில்லை. பத்தாயிரம் பத்திரிகை எழுதியவனுக்கு அன்று ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பின்கேட் வழியாக வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு கல்யாணம் கிடையாது, காரியம் கிடையாது, கிரிவலம் கிடையாது. பதினான்கு கிலோமீட்டரில் எங்கே உத்தரவு வருமோ என்று பயம். எனக்கு அச்சகத்தில் ஜாஸ்தி வேலை என்று உன் அத்தை ஊருக்கெல்லாம் பொய் சொல்லிச் சொல்லி, கடைசியில் கவர்மெண்டு கெஜட்டே நான்தான் அடிக்கிறேன் என்று ஜனங்கள் நம்பிவிட்டார்கள். போன கார்த்திகையில் ஒரு நாள் ரமணாசிரமம் பக்கம் புரூப் காட்டப் போனபோது செங்கம் ரோட்டில் மாட்டிக்கொண்டேன். ஒரு வீட்டு வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை, அங்கே வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரம்மா ஒன்றும் கேட்காமல் உள்ளே கூட்டிப்போய்க் கக்கூஸ் கதவைக் காட்டியது. திரும்பி வந்ததும் பர்சிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டியது. எனக்கு வியாதி இருக்கிறது, அவசரமாகக் கழிப்பறை வேண்டும், தயவுசெய்து உதவுங்கள் என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. தன் வயிற்றைத் தொட்டுக் காட்டிச் சிரித்தது. அந்த அட்டையைப் பார்த்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர்கள் ஊரில் துக்கடா அட்டை அடிக்கிறார்கள், அச்சக மன்னன் நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதா?

ஆயிரம் பிட் நோட்டீஸ் அடித்தேன். மேலே நம் பத்திரிகை நடையிலேயே, நிகழும் மங்களகரமான வருஷத்தில் பேதியும் ரத்தமும் கூடிய சுபவேளையில் அடியேன் வேடியப்பனின் பெருங்குடல் தங்களை அன்புடன் அழைக்கிறது என்று போட்டேன். கீழே விளையாட்டில்லாமல் எழுதினேன். எனக்குப் பதினோரு வருஷமாக இந்த வியாதி, இது ஒட்டாது, வெட்கத்தால் சொந்தங்களை இழந்தேன், கிரிவலப் பாதையில் ஒதுங்க இடமும் தண்ணீரும் எங்கெங்கே என்று நானே பார்த்து எழுதியிருக்கிறேன், பயந்து வீட்டில் இருப்பவர்கள் என்னைக் கூப்பிடலாம் என்று போன் நம்பரும் கொடுத்தேன். உன் அத்தை படித்துவிட்டு, "இன்னாங்க இது, ஊடு ஊடா போய்ச் சொல்றதுக்கு ஒரு மைக் செட்டு வச்சிக்கலாமே" என்று சொல்லி இரண்டு நாள் பேசவில்லை. மார்கழிப் பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் நானே நின்று கொடுத்தேன். முதல் போனில் ஒருத்தன் திட்டினான். இரண்டாவது போன் ஆட்டோக்காரர், மூன்று வருஷமாகப் பொண்டாட்டிக்கே தெரியாமல் மாத்திரை சாப்பிடுகிறாராம். கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் பரீட்சை ஹாலில் பட்ட பாட்டைச் சொல்லி அழுதாள், அப்புறம் என் பத்திரிகை நடையைச் சொல்லிச் சிரித்தாள். ஒரு பெரியவர், எனக்கும், என்று மட்டும் சொல்லிவிட்டு வெகுநேரம் போனை வைக்காமலே இருந்தார். நானும் வைக்கவில்லை. இப்போது பதினேழு பேர் இருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டு பத்துப் பேர் சேர்ந்து மலையைச் சுற்றுகிறோம். எவன் எங்கே ஓடினாலும் மற்றவர்கள் நின்று காத்திருப்பது எங்கள் சாம்ராஜ்யத்தின் ஒரே சட்டம். உன் அத்தையும் வருகிறாள், தண்ணீர் பாட்டில் இலாகா அவளுடையது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து கிரிவலம் வந்த யாரோ, உன் தம்பி மானம் நோட்டீஸில் பறக்கிறது பார் என்று உன் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அக்கா வந்து வாசலில் நிற்கிறாள். நோட்டீஸ் கையில் கசங்கியிருக்கிறது. "ஏன்டா, பேதின்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? எம் பொண்ணு கல்யாணம் புடிக்காம ஓடிட்டன்னு ஏழு வருசமா உன்ன மனசுக்குள்ள திட்டிக்கினு இருந்தனே." அவள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கி அங்க தண்ணியாவது வந்துச்சாடா?" என்று கேட்டாள். அறிவு, வேலூர் டாக்டர்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் அழுத அழுகையில் தெருவில் வெள்ளம் வந்து ஆட்டோக்களெல்லாம் படகாக மாறின என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அக்கா முந்தானையின் ஒரு முனைதான் நனைந்தது.

சித்திரையில் நீங்கள் வரும்போது இனியனுக்குக் காது குத்த வேண்டும் என்று அக்கா நாள் பார்த்துவிட்டாள். உனக்குக் கூடப்பிறந்தவன் இல்லாததால் மாமன் ஸ்தானத்தில் நான்தான் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பும் எழுதிவிட்டாள். ஆனால் பிள்ளை உன்னுடையது, ஏழு வருஷ வலியும் உன்னுடையது. நீ சரி என்றால்தான் நான் உட்காருவேன், வேண்டாம் என்றால் முதல் வரிசையில் நின்று பார்ப்பேன், மனவருத்தம் கம்மியாகத்தான் இருக்கும். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். அருணாசலேசுவரர் உங்கள் மூவரையும் பார்த்துக்கொள்ளட்டும், நீண்ட ஆயுளோடும் நல்ல ஜீரணத்தோடும் இருங்கள். பதிலை மட்டும் உடனே எழுது. உன் பதில் சரி என்றிருந்தால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நடுவில் நான் எழுந்து ஓடினால் வேறு யார் மடியிலும் குழந்தையை வைத்துவிடாதே, பத்து நிமிஷம் பொறு. இந்த முறை எங்கே போகிறேன் என்று சபையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போவேன்.

இப்படிக்கு,
உன் மாமன்,
வேடியப்பன்