மூன்றாவது செட்டில் நான் போட்ட சர்வீஸ்

அக்கா,

இன்று பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் ஒரு புதுப்பெண் மணிக்கட்டில் வலி ஸ்ப்ரே அடித்துக்கொண்டாள். ஆட்டம் முடிந்து நீங்கள் முழங்காலில் அடிப்பீர்களே, அதே வாசனை வந்ததும் கையிலிருந்த பனியனை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். நீங்கள் போய் ஏழு மாதமாகிறது.

அருள்புரத்தில் நம் ஹாஸ்டலுக்குப் பின்னால் ஞாயிறு காலையில் வாலிபால் வலை கட்டுவீர்கள். நீங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஊர், நான் எதற்கும் 'ங்க' போடும் வெள்ளகோவில். "பந்து வருதுங்க அக்கா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பந்து விழுந்துவிடும். "ஏட்டி, பந்துக்கு எதுக்கு மரியாதை? 'எனக்கு'ன்னு சத்தம் போடு" என்பீர்கள். ஒடிசாவிலிருந்து வந்த சுனிதாவுக்கு நீங்கள் கற்றுக்கொடுத்தது மூன்றே சொல்: எனக்கு, உனக்கு, விடு. அதை வைத்தே அவள் ஆடினாள். அதுவரை ஓரமாகத் தனியே சாப்பிட்டுக்கொண்டிருந்தவளை, ஆட வந்த மாதத்திலேயே நம் பெண்கள் இழுத்து நடுவில் உட்காரவைத்தார்கள்.

பொங்கல் போட்டியில் மூன்றாவது செட். நீங்கள் கோட்டோரம் குனிந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"முடியலீங்களா அக்கா?"

"ஒண்ணுமில்லட்டி. சர்வீஸ் போடு."

போட்டேன். ஜெயிக்க இன்னும் இரண்டே பாயின்ட். உங்களுக்குப் பதில் இறங்க நம்மிடம் ஆளும் இல்லை. ஜெயித்தோம். மற்றவர்கள் கோப்பை வாங்கும்போது நீங்கள் ஆட்டோவில் என் மடியில் கிடந்தீர்கள்.

இருதய வால்வு பழுது, ஆடவே கூடாதென்று முன்பே சொல்லியிருந்தோமே என்றார் டாக்டர். ஒன்பதாம் நாள் போய்விட்டீர்கள். சொன்னால் டீமிலிருந்து நிறுத்திவிடுவோம் என்று பயந்தீர்களா? நிறுத்தித்தான் இருப்போம். ஸ்கோர் எழுதவாவது உட்காரவைத்திருப்போமே அக்கா.

அதன்பிறகு நான் மைதானத்துப் பக்கமே போகவில்லை. சென்ற வாரம் சுனிதா அறைக்கு வந்து "ஆட வா" என்றாள். "அக்காவ நாந்தான் கொன்னேன், போ" என்று கத்தினேன். அவள் போகவில்லை.

"நானும் உதடு பாத்தேன்" என்றாள். "நானும் ஜெயிக்கணும் நெனச்சேன்."

கட்டிலில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். மனம் ஆறவில்லை. ஆனாலும் ஞாயிறன்று அவளோடு போனேன். ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். ஆட்டத்தின் நடுவே ஒருத்திக்கு மூச்சு வாங்கியது. பந்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டேன். "போடுங்க, நான் ஆடறேனுங்க" என்றாள். நான் போடவில்லை. அவளை உட்காரவைத்து, மூச்சு சீராகும்வரை பக்கத்தில் நின்றேன். மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள்.

இனி எந்த ஆட்டத்திலும் இப்படித்தான் நிறுத்துவேன். அன்றைக்கு உங்களுக்காக நிறுத்த எனக்கு அரை நிமிடம்தான் ஆகியிருக்கும்.