கோடுகள் மறுபடி எழுந்த தாள்

இத்தனை ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நேற்று ஜெலுத்தோங் வீட்டில் அலமாரியைக் காலி செய்தபோது அந்தத் தாள்சுருள் கையில் வந்தது. மை மங்கவில்லை. ஓரத்தில் உன் கிறுக்கல்: ‘இடது கண்ணில் விளக்கு’.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நாம் இருவர், மயக்கத்தில் ஒரு புறா. புறாவின் வலது கண் பார்ப்பது நடுமூளையின் இடப்பக்கத்துக்குப் போகும். இடது கண் பார்ப்பது வலப்பக்கத்துக்கு. இடப்பக்கத்தில் மெல்லிய கம்பியைச் செருகி, வலது கண் முன்னால் ஒரு புள்ளியை நகர்த்தினோம். நரம்பணுக்களின் துடிப்பு ஒலிபெருக்கியில் பொரி வெடிப்பதுபோல் படபடத்தது, ஓடும் தாள்சுருளில் கோடுகளாக எழுந்தது. இடது கண்ணுக்கு விளக்கைக் காட்டினோம். படபடப்பு அடங்கிவிட்டது.

“கம்பி நழுவிடுச்சு” என்றேன்.

“இல்லடா. அந்தப் பக்கம் பேசுனா இந்தப் பக்கத்த அடக்கிடுது. உன்ன மாதிரிலா, நான் வாயத் திறந்தா நீ மூடிக்குவ.”

நானும் சேர்ந்து சிரித்தேன். விளக்கை அணைத்ததும் படபடப்பு திரும்பியது. கம்பி அசையவில்லை என்பதற்கு இந்தத் தாள் ஒன்றுதான் சாட்சி.

இடது கண்ணுக்கும் விளக்கு காட்டிப் பார்க்கலாம் என்றது நான். துறைக் கூட்டத்தில் அதை உன் யோசனையாகச் சொன்னாய். அதை இன்றும் நான் மன்னிக்கவில்லை. கம்பி நழுவியதை மறைத்துக் கதை கட்டுகிறாய் என்றார் பேராசிரியர். நீ என் பக்கம் திரும்பினாய். “டேய், சுருள் உன்கிட்டதானே? காட்டுலா.”

பையில்தான் இருந்தது. “என்கிட்ட இல்ல” என்றேன்.

நீ ஆய்வை விட்டு மாக் மண்டின் தொழிற்சாலைக்குப் போனாய். பிறகு பசாரில், மீன்கடைப் பக்கம், பார்க்கும்போதெல்லாம் “சாப்டியா?” என்று மட்டும் கேட்பாய். திட்டியிருக்கலாம்.

போன மாதம் டத்தோ கிராமாட்டில், உன் சாவு வீட்டில், உன் மகள் என்னைத் தனியே அழைத்தாள். “அங்கிள், அப்பா உண்மையிலயே பொய்யா எழுதுனாரா?”

“பழைய கதைம்மா, விடு” என்றேன். இரண்டாவது முறையாக.

எழுதுவது உனக்கு, உறைமேல் இருப்பது அவள் முகவரி. சுருளும் உள்ளே இருக்கிறது. விளக்கு அணைந்து கோடுகள் மறுபடி எழும் இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். நீ போன பிறகுதான் எனக்கு வாய் திறக்கிறது. அன்று நீ என்னைப் பற்றிச் சொன்னதும் சரிதான்.

கடைசியில் பெயரெழுதப் பேனாவை வைத்தேன். முடியவில்லை. யாரென்று படித்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் பெயர் போடாமல்தான் தபாலில் சேர்க்கப்போகிறேன்.