கொடியில் தொங்கும் உத்தரவாதம்

பெயின்டர் அம்மணிக்கு,

வேன் சாவி ரொட்டி டப்பாவின் மேல் இருக்கிறது. ஃபிளாஸ்கில் டீ. உன் கோபம் அளவுக்குச் சூடு தாங்கும் ஃபிளாஸ்க் இன்னும் கடைக்கு வரவில்லை, அதனால் சீக்கிரம் குடித்துவிடு.

நேற்று ஏணியில் நின்றபடியே போன் செய்து, "மேகம் காலிஃபிளவர் மாதிரி தலை தூக்குதுங்க, மழை வருமா?" என்று கேட்டாய். வானிலை அலுவலகத்தில், ஜன்னலே இல்லாத அறையில் இருந்த நான் திரையைப் பார்த்து, "வரவே வராது, தைரியமா அடி" என்றேன். அரை மணி நேரத்தில் பள்ளிக்கூடச் சுவர் பெயின்ட் மொத்தமும் கரைந்து ஓடியது. "இனிமே வானத்துக்கிட்டயே கேட்டுக்கறேன்" என்றாய். அதோடு பேச்சு நின்றது.

நீ சொன்னதுதான் சரி. ஈரக்காற்று மேலே போய்க் குளிர்ந்தால் மேகம். அந்த மேகம் அகலத்தைவிட உயரமாக வளர்ந்தால் மழை. இதைப் படித்துப் பட்டம் வாங்கியவன் நான், பார்த்தவள் நீ.

இன்று மொட்டைமாடிக்கே போய்ப் பார்த்தேன். தட்டையான சின்னச் சின்ன மேகங்கள்தான். சுவரை மறுபடி அடிக்கலாம். பதினொரு மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து பார். தலை தூக்கியிருந்தால் எனக்குப் போன் செய்யாதே, இறங்கிவிடு.

நம்பிக்கை வரவில்லையா? என் சட்டைகள் அத்தனையையும் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். மழை வந்தால் எடுக்காதே. நாளை ஈரச் சட்டையோடே வேலைக்குப் போகிறேன்.

உன் வானிலை மேதை

பி.கு: தார்ப்பாயை வேனில் வைத்திருக்கிறேன். சும்மாதான்.

இன்னொன்று: மழை வந்தால் நீ வாங்கிக்கொடுத்த நீலச் சட்டையை மட்டும் எடுத்துவிடு.